பதினாறு மணி நேரம்

விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அண்ணன் இருக்கும் ஊர் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் வந்தால் பதினாறு மணி நேரம். ஞாயிறுதோறும் அப்பா அதைக் கேட்பார், அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல. அவளும் சலிக்காமல் சொல்வாள். அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. அவ்வளவு தூரம் வர லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பான் போனில். அம்மா இறந்தபிறகு வந்த இரண்டு வரன்களையும், அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று தட்டிக்கழித்தவள் அவள்தான்.

சனிக்கிழமை மத்தியானம், தேதி மாற்றிய டிக்கெட்டுகளைச் சரிபார்க்கையில் ஒரு கம்பெனியின் பட்டியலில் அண்ணனின் பெயர் இருந்தது. வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். பிறந்த தேதியும் அவனுடையதாகவே இருந்தது. போன மாதம் இந்த ஊருக்கே வந்திருக்கிறான். தங்கியது அவள் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஹோட்டலில். வீட்டுக்கு அங்கிருந்து நாற்பது நிமிடம். வந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போல. மிச்சமிருந்த ஒரு நாளையும் வேண்டாமென்று, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். மாற்றிக் கொடுத்தது பக்கத்து மேஜைக்காரி.

அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"அங்கேருந்து வர எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"பதினாறு மணி நேரம்ப்பா." குரல் அவளை மீறிப் பிசிறியது. "லீவு கிடைச்சா வராமலா இருப்பான்?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சு போச்சா?"

"என்னதுப்பா?"

"அவன் வந்துட்டுப் போனது."

அப்பா தண்ணீர்த் தம்ளரைக் கையருகே இழுத்துக்கொண்டார்.

"கண் டாக்டர்கிட்ட போறேன்னு ஒரு நாள் போனேனே, அன்னைக்குதான். ஹோட்டல்ல கீழ ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். வந்து பத்து நிமிஷம் பேசினான். பாவம், அவனுக்கும் வேலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வீட்டுக்கு வந்தா நீ பிலுபிலுன்னு பிடிச்சுக்குவியாம். சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டான்."

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒளித்தது தன்னிடமிருந்துதான் என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது. யாருக்காக இங்கேயே கிடந்தாளோ, அவரும் அந்தப் பக்கம்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு இப்பவும் கேக்கறீங்க?"

"நீ பதினாறு மணி நேரம்னு சொன்னா..." அப்பா நிறுத்தினார். "தூரத்தாலதான் வரலைன்னு கொஞ்ச நேரம் தோணும்."

எழப்போனவரின் கை பட்டுத் தம்ளர் கவிழ்ந்தது. அவள் துணியை எடுத்துவந்து தரையில் மண்டியிட்டாள். துடைக்க வழிவிட்டு அவர் காலை நகர்த்தினார். செருப்பைத் தவிர வேறெதற்கும் பழகாத கால்கள். இரண்டு குதிகால்களிலும் ஷூ கடித்த புண் ஆறி, புதுத்தோல் இளஞ்சிவப்பாக மின்னியது.