அளக்காத மாதங்கள்

கிங்ஸ்லி போனில் அழவில்லை. அழுதிருந்தால்கூட ரூபிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அடுப்படிய கடல் எடுத்துட்டு மேடம். பாத்திரத்த மட்டும் வெளிய தூக்கிட்டோம்" என்று, பஸ் போய்விட்டது என்பதைப் போலச் சொன்னான். கடற்கரையில் மணல் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு சேர்கிறது என்று தென்காசிக் கல்லூரிக்காரர்கள் அளக்கப் போகும்போதெல்லாம் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மீனவன் அவன்.

போனை வைத்ததும் ரூபிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து வருஷ அளவுகளைச் சேர்த்துக் கல்லூரி எழுதிய அறிக்கை இன்றைக்குத்தான், கடற்கரைச் சுவர்களுக்கு அனுமதி தருகிற அரசு அதிகாரியின் கைக்குப் போகிறது. கரை நிலையாக உள்ளது என்கிறது அறிக்கை. அது போய்ச் சேர்ந்தால் அந்த ஊர் கேட்கிற தடுப்புச்சுவர் வராது.

நிலையாக இல்லாமல் என்ன செய்யும்? ஆனி, ஆடி, ஆவணியில் கடல் மணலை வாரிக்கொண்டு போகும். மார்கழி, தையில் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். வாரிக்கொண்டு போகிற மாதங்களில் தென்காசிக்காரன் எவன் ஊரைவிட்டு நகருவான்? குற்றாலத்தில் சாரல். வீடு முழுக்க விருந்தாளி. சம்பந்தி வீட்டார், சம்பந்தியின் சம்பந்தி, எப்போதோ ரயிலில் பழகியவர் என்று அத்தனை பேருக்கும் அருவி ஆசை. அதனால் வைகாசி அளவையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து மூன்று மாதத்துக்கும் எழுதிவிடுவது வருஷா வருஷம் நடக்கிற காரியம். போன வருஷம் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த ரூபியும் குத்துக்கல்வலசை வீட்டில் விருந்தாளிகளுக்கு இட்லி அவித்துக்கொண்டு வாயை மூடித்தான் இருந்தாள். அந்த எரிச்சலும் இப்போது சேர்ந்துகொண்டது.

அறிக்கையை வாங்க வந்த அதிகாரியைப் பேராசிரியர் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போயிருந்தார். ரூபி ஆட்டோ பிடித்து மெயினருவிக்குப் போனாள். பேராசிரியர் மந்திரமூர்த்தி தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்தார். அதிகாரியின் தலையிலும் எண்ணெய். பேராசிரியரின் மனைவி உலகம்மை துணிமணிக்கும் பைக்கும் காவலாகப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், கிங்ஸ்லி வீட்டு அடுப்படி கடல்ல போய்ட்டு. அந்த ரிப்போர்ட்டக் குடுக்காதீங்க."

"ஏம்மா, இதுக்கா இங்கன வந்து நிக்குத?" என்றார் மந்திரமூர்த்தி. "மார்கழில போயி பாரு. போன மணலு தானா வந்து கெடக்கும்."

"மணலு வரும் சார். அடுப்படி வருமா?"

அதிகாரி சிரித்தார். "தண்ணி நல்லா விழுது. குளிச்சிட்டுப் பேசலாம்மா" என்று அருவிக்குள் போய்விட்டார். மந்திரமூர்த்தியும் பின்னாலேயே போனார்.

நாசமாய்ப் போக என்று ரூபி வாய்விட்டே சொன்னாள். நேரே உலகம்மையிடம் வந்தாள்.

"அக்கா, அந்தப் பையத் தாங்க."

"அவுக ஏசுவாகளேம்மா" என்ற உலகம்மை, ரூபியின் முகத்தைப் பார்த்தாள். சீசன் தவறாமல் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டு அலுத்த மனுஷி அவள். பையை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரூபி அறிக்கையை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வருஷத்திலும் அந்த மூன்று மாதங்களை அடித்துவிட்டு 'அளக்கவில்லை' என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தது. கீழே கையெழுத்தும் போட்டாள். அருவிக்கடியிலிருந்து மந்திரமூர்த்தி கையை ஆட்டிக் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதாகப் போயிற்று.

ஈரம் சொட்ட வந்த அதிகாரியிடமே அதை நீட்டினாள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"வருஷா வருஷம் அளக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

"கோவத்துல என்னத்தையோ எழுதுதா சார். நீங்க கண்டுக்காதீங்க" என்று மந்திரமூர்த்தி மூச்சிரைக்க வந்து நின்றார்.

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. "கரை நிலையா இருக்குன்னும் சொல்ல முடியாது, அரிக்குதுன்னும் சொல்ல முடியாது. ஏன் அளக்கலன்னு மேல கேட்டா நான் என்னம்மா எழுதுறது?"

"நாங்க குளிச்சிட்டு இருந்தோம்னு எழுதுங்க சார்" என்றாள் ரூபி.