கோபன்ஹேகன்ல நான் ஒண்ணும் தொலஞ்சு போவல

நான் டென்மார்க்கு போறேன்னு சொன்னப்போ எங்க தெருவே வாயப் பொளந்துச்சு. எதுத்த ஊட்டு அஞ்சம்மாள் மட்டும் சிரிச்சா.

"போ கெங்கா, போ. போயி ஜன்னலப் பாத்துட்டு வா"ன்னா.

"இன்னாடி ஜன்னலு?"

"மவ பிரசவத்துக்கு நான் மஸ்கட்டு போவல? வேன் வெச்சு ஏர்போர்ட்டு வரைக்கும் வந்து டாட்டா காட்டுனீங்களே. அங்க நான் பாத்தது இன்னா தெரியுமா? அடுப்படி, தொட்டிலு, துணி காயப்போடற கொடி, ஒரு ஜன்னலு. ஜன்னலத் தொறந்தா எதுத்த பில்டிங்கு செவுரு. கடலு பக்கத்துலயே இருக்குதுன்னு மருமவன் சொன்னாரு. நான் பாக்கல. நம்மள பிளேன்ல ஏத்தறது ஊரு காட்டவா? ஆயா வேலைக்குடி!"

"என் மவன் அப்பிடி இல்ல."

"எல்லாரும் அதத்தான் சொல்லிக்கினு போறோம். நீ எதுனா பாத்தா ஒரு போட்டோ எடுத்துக்கினு வா. நீயும் அந்த ஊரும் ஒண்ணா நிக்கறாப்புல. அப்ப நம்பறேன்."

கொழாயில தண்ணி புடிச்சிக்கினு இருந்ததுங்க எல்லாம் சிரிச்சிதுங்க. எனக்குக் காது சூடாயிடுச்சு. "எடுத்தாந்து உன் மூஞ்சிக்கு நேரா நீட்டறேன், பாரு"ன்னு சொல்லிட்டு கொடத்தத் தூக்கிக்கினு வந்துட்டேன்.

இது 2007ல நடந்தது. நான் இன்னா ஊட்டுலயே அடஞ்சு கெடந்தவளா? எங்க ஊட்டுக்காரரு போன அப்பால கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல, கம்பி போடற கம்பெனி கேன்டீன்ல சமைச்சவ. மூணு ஷிப்டும் பாத்திருக்கேன். யூனிட்டு ரயில்ல, அதான் லோக்கல் ரயில்ல, நின்னுக்கினே மெட்ராஸு போயி, மூட்டையில மளிகை வாங்கியாந்து எறக்குவேன். எவன் கையையும் புடிச்சிக்கினு நான் எங்கயும் போனதில்ல.

மவன் பூவராகவனுக்கு அங்க காத்தாடி மெஷின் கம்பெனில வேல. காத்துல சுத்தி கரண்டு எடுக்குமே, அது. மருமவ பிரின்சி பொன்னேரிப் பொண்ணு. பொம்பளப் புள்ள பொறந்துச்சு. அவங்கம்மாவுக்கு முட்டி வலி, அவ்ளோ தூரம் வர முடியாது. அதான் நான் போனேன்.

எறங்கின அன்னிக்கே பூவராகவன், "எம்மா, சனிக்கிழம ஊரு பூரா சுத்திக் காட்டறேன்"னான். அந்தச் சனிக்கிழம மழ. அடுத்த சனிக்கிழம அவன் ஆபீசு ஆளுங்க சாப்புட வந்தாங்க, ஊரு பூராவுக்கும் நான்தான் பிரியாணி போட்டேன். அதுக்கடுத்தது, "டயர்டா இருக்குதும்மா". புள்ளயக் குளிப்பாட்டறது, மருமவளுக்குப் பத்தியம் வெக்கறது, இதேதான் வேல. ஒரு நா புள்ளைக்குச் சாம்பிராணி காட்டினேன் பாருங்க, மேல ஒட்டி வெச்சிருந்த மெஷினு ஒண்ணு கீன்னு கத்தி பில்டிங்கே எந்திரிச்சு வந்துடுச்சு. அன்னிலேர்ந்து பூவராகவன் என்னய நெருப்புப்பெட்டிய பாக்கறாப்புல பாக்கறான்.

காலைல எந்திரிச்சதும் ஜன்னல் கட்டைய ஈரத்துணியால தொடைக்கறது எனக்குப் பழக்கம். கும்மிடிப்பூண்டில கம்பெனிக் கரி ராவோட ராவா வந்து படிஞ்சிக்கும்ல? அங்க தொடச்சா துணி வெள்ளையாவே வருது. இருந்தாலும் தெனம் தொடச்சேன். வெளிய ஒரு மரம், கீழ வரிசையா சைக்கிளு. ஒரு நா அப்பிடித் தொடைக்க சொல்லதான் பொறி தட்டுச்சு. அடியே கெங்கா, அஞ்சம்மா சொன்ன ஜன்னலு இதான்டி!

அன்னிக்கு சாயங்காலம் மவன்கிட்ட, "நானே போயிட்டு வரேன்டா"ன்னேன்.

"எங்க?"

"ஊரப் பாக்க."

"எம்மா, உனக்கு பாஷ தெரியாது. வழி தெரியாது. தொலஞ்சு போயிடுவ. அப்பால போலீசு, கீலீசுன்னு எனக்குத்தான் பேஜாரு."

"தமிழு தெரியாத பீகாரிப் பசங்க கும்மிடிப்பூண்டிக்கு வந்து எறங்கறாங்க. அவனுங்கல்லாம் தொலஞ்சா போயிட்டானுங்க? என் கேன்டீன்லதான் வந்து துன்னானுங்க."

"அது வேற, இது வேற."

"இன்னா வேற?"

டிவியப் போட்டுட்டான்.

மறுநாளு அவன் ஆபீசு கெளம்புனதும் பிரின்சி புள்ளயத் தோள்ல போட்டுக்கினு வந்து நின்னா. அஞ்சம்மா சொன்னதெல்லாம் அவகிட்ட மொதல்லயே சொல்லியிருந்தேன். "அத்தே, உங்க புள்ள கூட்டிக்கினு போறதுக்குள்ள இவ காலேஜு சேந்துடுவா. நீங்க கெளம்புங்க"ன்னா.

"உன்னய ஏசுவானே?"

"ஏசட்டும். நான் பாக்காத ஏச்சா?" அவ போன எடுத்து என் கையில குடுத்தா. "பச்ச பட்டன அமுக்கினா அவருக்குப் போவும். நடுவுல இருக்கறத அமுக்கினா போட்டோ. தண்ணி ஓரமாவே நடந்தீங்கன்னா கடசியில கடல்கன்னி செல. இந்த ஊருக்கே அதான் பேரு. அது கூட நின்னு எடுத்துக்கினு வாங்க, அஞ்சம்மா ஆயா வாய மூடிடலாம்."

பட்டுப்பொடவ கட்டி, மேல பூவராகவனோட ஸ்வெட்டரு போட்டு, காலுல சாக்ஸு, செருப்பு. கெளம்பிட்டேன்.

அந்த ஊரு ரயிலுக்கு டிரைவரே இல்லீங்க! மொதோ பொட்டில மொதோ சீட்ல போயி குந்திக்கினேன். கண்ணாடிக்கு அப்பால இருட்டு சொரங்கம் ஓடுது, நான்தான் ஓட்டறாப்புல இருக்குது. எறங்கி மேல வந்தா ஒரே வெயிலு. வட்டமா ஒரு கோபுரம், ராசா காலத்துதாம், பிரின்சி சொல்லி அனுப்பியிருந்தா. உள்ள படியே கெடையாது, மாட்டுவண்டிப் பாத மாதிரி சுத்திச் சுத்தி மேல ஏறுது. அந்தக் காலத்துல குதிர மேல குந்திக்கினே ஒருத்தன் உச்சிக்குப் போயிட்டானாம். நான் மூச்சு வாங்கி வாங்கிப் போனேன். மேல நின்னு பாத்தா செவப்பு ஓட்டுக் கூர, பச்ச பச்சையா கோபுரம், தூரத்துல கடலு. கடலுக்குள்ள காத்தாடி நட்டு வெச்சிருக்கான். என் மவன் செய்யறது. இத எனக்கு அவன் காட்டல, நானே பாத்துக்கினேன்.

அப்பால தண்ணி வாய்க்காலு ஓரம். மஞ்சளு, நீலம், செவப்புன்னு கலர் கலரா ஊடுங்க, முன்னால பாய்மரக் கப்பலுங்க. ரோட்டுல நம்ம மீன்பாடி வண்டியே ஓடுதுங்க! முன்னால பொட்டி வெச்ச மூணு சக்கர வண்டி. ஆனா பொட்டில மீனு இல்ல, புள்ளைங்க. தொப்பி போட்டு ரெண்டு ரெண்டா குந்திக்கினு போவுதுங்க. நான் கை காட்டினேன், அதுங்களும் காட்டுச்சு. ராணி அரமணையில கரடி முடித் தொப்பி போட்டுக்கினு ஒரு சிப்பாயி வெறப்பா நிக்கறான். மீசகூட சரியா மொளைக்கல. கிட்டப் போயி, "வேர்க்கலயா நைனா?"ன்னேன். கண்ணு மட்டும் என் பக்கம் வந்துட்டுப் போச்சு.

அரமணைய தாண்டி ஒரு தெரு. அங்க ஒரு காப்பிக் கட. கடைக்கு வெளிய செவுத்தோரமா பெரிய சக்கரம் வெச்ச புள்ள வண்டி ஒண்ணு நிக்குது. உள்ளேர்ந்து அழுக சத்தம். எட்டிப் பாத்தா மூணு நாலு மாசக் கொழந்த, மூஞ்சி செவந்து போயி வீல்னு கத்துது. சுத்திப் பாக்கறேன், ஒருத்தரும் இல்ல. நாயப் புடிச்சிக்கினு ஒரு அம்மா வந்தா, வண்டியப் பாத்தா, அவ பாட்டுக்குப் போயிட்டா. பெத்தவ போட்டுட்டு ஓடிட்டாளா, பாவி?

கும்மிடிப்பூண்டி டேசன்ல ஒரு புள்ள தனியா அழுதா நாம இன்னா பண்ணுவோம்? தூக்கித் தோள்ல போட்டுக்கினு, பிளாட்பாரம் பூரா கேக்கற மாதிரி கொரல் உடுவோம். பெத்தவ எங்க இருந்தாலும் ஓடி வரணும். நானும் அதத்தான் பண்ணேன். தூக்கினதும் கொழந்த கப்புனு வாய மூடிக்கிச்சு.

"யாரு புள்ள இது! யாரு பெத்த புள்ள இது!"

மெஷினு சத்தத்துல "சாப்பாடு ரெடி"ன்னு கத்தி வளந்த கொரலு. தெருவே நின்னு போச்சு. காப்பிக் கடையிலேர்ந்து ஒருத்தி பாஞ்சு வந்தா. ஒசரமா, மஞ்ச முடி, கையில கப்பு, காப்பி பூரா சட்டையில. வந்தவ கொழந்தயப் புடிச்சு இழுக்கறா. நான் உடுவேனா?

"நீதான் தாயின்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

அவ அவ பாஷையில அழுவுறா, நான் என் பாஷையில கேக்கறேன். அதுக்குள்ள கும்பலு கூடிடுச்சு. தாடிக்காரன் ஒருத்தன் என்னய மொறச்சிக்கினே போன காதுல வெச்சுட்டான். இதுக்குள்ள அந்தக் கொழந்த திரும்பி அவ கழுத்துல மூக்கத் தேச்சுச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு. குடுத்துட்டேன். ஆனா வாய் சும்மா இருக்குமா? "உள்ள குந்தி காப்பி குடிக்கற, புள்ளயத் தெருவுல போட்டுட்டு! நாயி கவ்விக்கினு போனா இன்னாடி பண்ணுவ?"

போலீசு வந்துச்சு. பொம்பளப் போலீசு, சின்ன வயசு. நான் பச்ச பட்டன அமுக்கி போன அது கையில குடுத்தேன். கொஞ்ச நேரத்துல பூவராகவன் சைக்கிள மிதிச்சிக்கினு வந்தான். டை தோளு மேல பறக்குது. எறங்கினதும் என்னயப் பாக்கல. அந்தம்மாகிட்ட சாரி, தாடிக்காரன்கிட்ட சாரி, போலீசுகிட்ட சாரி. நாயி இருந்தா அதுகிட்டயும் சொல்லியிருப்பான்.

அப்பால என் பக்கம் திரும்பி பல்லக் கடிச்சிக்கினு சொன்னான். "இங்க கொழந்தைங்கள வெளியதாம்மா தூங்க வெப்பாங்க. சுத்தமான காத்து நல்லதுன்னு. அவங்க கண்ணாடி வழியா பாத்துக்கினுதான் குந்தியிருந்தாங்க."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீ எதுனா சொன்னியா?"

அவன் காதுல வாங்கல. போலீசுகிட்ட இங்கிலீஷ்ல சொல்றான். ஆபீசருங்களுக்கு டீ ஊத்தி ஊத்தி எனக்கு இங்கிலீஷு காதுல ஏறும். 'ஓல்டு'ன்னான். 'லாஸ்ட்'டுன்னான். வயசானவங்க, வழி தெரியாம ஊட்ட உட்டு வெளிய வந்துட்டாங்க, தொலஞ்சு போயிட்டாங்க.

அந்தப் போலீசுப் பொண்ணு என்னயப் பாவமா பாத்துச்சு. அந்தப் பார்வதான் எனக்குப் பொறுக்கல. திருடின்னு சொல்லியிருந்தாக்கூட சண்ட போட்டிருப்பேன், வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

"நோ லாஸ்ட்!"ன்னேன்.

எல்லாரும் திரும்பினாங்க.

"மீ நோ லாஸ்ட்! மீ வாக்கிங். மீ சிட்டி லுக்கிங். டவர் லுக்கிங் ஓவர். கிங் ஹவுஸ் லுக்கிங் ஓவர். நவ் ஃபிஷ் லேடி."

"எம்மா, சும்மா இரும்மா"ன்னு பூவராகவன் கையப் புடிச்சான். உதறிட்டேன்.

"புள்ளயப் பெத்த அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுடா. உங்க வழக்கம் தெரியாம பயமுறுத்திட்டேன், மனசுல வெச்சுக்காதம்மான்னு சொல்லு. ஆனா புள்ள அழுதுச்சு, நான் தூக்கினேன். நாளைக்கு அழுதா நாளைக்கும் தூக்குவேன். அதையும் சொல்லு."

சொன்னான். பின்பாதிய முழுங்கிட்டான், மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு மூக்க உறிஞ்சிக்கினு என் ஸ்வெட்டரப் பாத்தா. அவ புள்ள கக்கி வெச்சது அதுல வழிஞ்சுது. ஒரு பேப்பரு எடுத்துத் தொடச்சு உட்டா. பாதி அழுக, பாதி சிரிப்பு. தாடிக்காரன் மட்டும் கடசி வரைக்கும் சிரிக்கல. சிரிக்காட்டி போவட்டும்.

போலீசுப் பொண்ணு குனிஞ்சு, "ஃபிஷ் லேடி?"ன்னுச்சு. தண்ணி இருக்கற பக்கமா கைய நீட்டி, நேரான்னு காட்டுச்சு.

"ஊட்டுக்கு வா, போலாம்"ன்னான் பூவராகவன்.

"நீ போ."

"மீட்டிங்க பாதியில உட்டுட்டு வந்திருக்கேன்மா!"

"யாரு உன்ன உடச் சொன்னது? போயி முடி. நான் செலையப் பாக்காம வரமாட்டேன்."

"திரும்பி எப்பிடி வருவ?"

"வந்தாப்புலயே."

நடக்க ஆரமிச்சுட்டேன். திரும்பியே பாக்கல. கொஞ்ச தூரம் போன அப்பால பின்னால டிக் டிக் டிக்குனு சைக்கிளு சக்கரம் சுத்தற சத்தம். தள்ளிக்கினே வர்றான். கோட்ட அகழி தாண்டி, புல்லுத் தர தாண்டி, தண்ணி ஓரமா ஒரே நட.

அந்த செலையப் பாத்தீங்கன்னா இத்துனூண்டு. பாற மேல காலும் வாலுமா ஒரு பொண்ணு, தண்ணியப் பாத்துக்கினு குந்தியிருக்கா. நம்ம பஸ் ஸ்டாண்டு செலையெல்லாம் இதுக்கு மூணு மடங்கு இருக்கும். "இவ்ளோதானா?"ன்னேன்.

அதுக்குத்தான் பூவராகவன் வாயத் தொறந்தான். "இவ்ளோதாம்மா. அதான் அவசரமில்லன்னு உட்டேன். இது தலைய ரெண்டு தடவ எவனோ வெட்டிக்கினு போயிட்டான். கைய ஒரு தடவ."

"அப்பால?"

"திரும்பச் செஞ்சு வெச்சாங்க."

"தண்ணிக்கு எட்ட, பத்திரமா ஒரு ரூம்புல வெக்கல?"

"இல்ல. இங்கயேதான்."

"பின்ன?"ன்னு சொல்லிட்டு போன நீட்டினேன். "எடு. என் காலு தெரியணும், செல தெரியணும், தண்ணி தெரியணும்."

பொடவயத் தூக்கிச் செருவிக்கினு வழுக்கற பாறையில எறங்கி அவ பக்கத்துல நின்னேன். "பாத்தும்மா, பாத்தும்மா"ன்னு கத்திக்கினே எடுத்தான். எடுத்துட்டு கொஞ்ச நேரம் போனயே பாத்துக்கினு நின்னான். மீட்டிங்குக்குப் போவல.

ஊட்டுக்கு வந்தா பிரின்சி சிரிச்சு சிரிச்சு அழுவுறா. "அத்தே, இங்க வர்ற நர்ஸம்மா நம்ம புள்ளயும் பால்கனியில தூங்க வெக்கச் சொல்லிச்சு. உங்களுக்குப் பயந்துக்கினுதான் நான் சொல்லல!"

அதுக்கப்பால நான் கெளம்பற வரைக்கும் வாரத்துல ரெண்டு நா வெளிய போனேன். பூவராகவன் எங்கன்னு கேக்கல. ரயிலுக்கு பாஸு வாங்கி கதவாண்ட மாட்டி வெச்சுட்டான், அவ்ளோதான்.

திரும்பி வந்ததும் போட்டோவ பெருசா கழுவி அஞ்சம்மாள் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கினு பாத்தா.

"இந்தக் குட்டிச் செலைக்கா இவ்ளோ அலப்பற? ஸ்வெட்டர்ல இன்னாடி கற?"

கொழாயடியிலயே எல்லாத்தையும் சொன்னேன். கடசி வரைக்கும் கொடத்தத் தூக்காம கேட்டா. தண்ணி நெறஞ்சு வழிஞ்சு தெருவுல ஓடுச்சு.

அடுத்த மாசம் அவ மவ ரெண்டாவது உண்டாயிருக்கேன், வாம்மான்னு மஸ்கட்லேர்ந்து போன் பண்ணா. தெரு பூரா கேக்கற மாதிரி அஞ்சம்மாள் பதிலு சொன்னா:

"வரேன்டி. மொதல்ல கடலக் காட்டு. அப்பால அடுப்படியக் காட்டு. காட்ட நேரமில்லன்னா உன் ஊட்டுக்காரர வழி மட்டும் சொல்லச் சொல்லு, நானே போயிக்கறேன்!"