எஞ்சிய ஒரு வகுத்தல்

நீரிணையின் உப்புக்காற்று பினாங்குத் துறைமுகத்தைத் தழுவி, லிட்டில் இந்தியாவின் தெருக்களில் நுழைந்து, மஞ்சளும் மிளகும் மல்லிகையும் மணக்க, பட்டுக்கடை வாயில்களில் தொங்கும் சேலைகளை அலைத்து விளையாடும் பிற்பகல் வேளை. அன்புடையீர், அங்கே ஒரு மாடிவீட்டின் படிகளில், கைநிறையத் தாள்களும் நெஞ்சுநிறைய நம்பிக்கையும் ஏந்தி ஏறுகின்றானே, அவன் பெயர் வாசு; பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வாளன். நல்லவன்தான், ஆனால் தொட்ட வேலை எதையும் கரைசேர்க்காதவன். சமையலறைச் சுவருக்கு முக்காற்பங்கு வண்ணம் பூசி ஆறாண்டாய் அப்படியே விட்டவனோடு போராடிச் சலித்துத்தான், கணக்காசிரியையான அவன் மனைவி சந்திரிகா நான்கு திங்களுக்கு முன் தமக்கையின் இவ்வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வருமுன் ஒரு தாளில் 1,022,117 என்று எழுதி, இது பகா எண்ணா பகு எண்ணா எனக் கணிப்பான் தொடாமல் கையாலேயே கண்டு, முழுதும் முடித்தபின் தன்னை அழைக்க வரலாம் என்றாள்.

அந்தோ, அவன் பட்ட பாடு! இரண்டும் மூன்றும் கைவிரித்தன. ஏழும் பதினொன்றும் ஏய்த்தன. பழைய பாடநூலின் பின்பக்கத்தில் ஆயிரம்வரை அடுக்கியிருந்த பகா எண்கள் நூற்றறுபத்தெட்டாலும் ஒன்றுவிடாமல் வகுத்தான். இறுதியாக நின்ற 997 ஆல் வகுத்தபோதும் 192 மிஞ்சவே, துள்ளிக் குதித்து, வருவதாக அன்று காலையே தொலைபேசியில் சொல்லிவிட்டான். இப்போது மாடி வாயிலில் நின்றவளிடம் தாள்களை நீட்டினான்.

“முடிச்சிட்டேன் சந்திரா! எதுலயும் வகுபடல. இது பகா எண்தான்லா!”

தாள்களைப் புரட்டப் புரட்ட மலர்ந்த அவள் முகம் கடைசித் தாளில் வாடியது.

“அடுத்த பகா எண் ஆயிரத்து ஒன்பது. அதுல போட்டுப் பாத்தீங்களா?”

“பட்டியல் அதோட முடிஞ்சிருச்சே.”

“பட்டியல் முடிஞ்சா கணக்கும் முடிஞ்சிருமா? இந்த எண்ணோட வர்க்கமூலம் வரைக்கும் பாக்கணும், ஆயிரத்துப் பத்து வரைக்கும். ஒன்னே ஒன்னுதாங்க பாக்கி இருந்துச்சு!”

படியிலேயே அமர்ந்து வகுத்தான். ஆயிரத்துப் பதின்மூன்று முறை சரியாகச் சென்றது, மிச்சம் சுழி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

“சே! நான் ஒன்னுக்கும் ஒதவாதவன். விடு,” என்று தாள்களைக் கசக்கி எறிந்து இறங்கலானான்.

அடப் பாவி மனிதா! திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா? கதவுக்குப் பின்னே, காலையிலேயே அவள் துணிமணி அடுக்கிய பை நின்றது. விடை பிழைத்தாலும், நூற்றறுபத்தெட்டு முறை முயன்றவனை அவள் உள்ளம் மன்னித்தேவிட்டது. ‘வீட்டுக்குப் போகலாம் வா’ என்று அவன் சொல்லவேண்டிய மூன்று சொல்லே எஞ்சியிருந்தது. பதினான்கு ஆண்டுகளாய் அவன் விட்டதையெல்லாம் முடித்துவைத்தவளுக்கு, இதையும் தானே முடிக்க மனம் வரவில்லை.

கீழ்ப்படியில் காலடியோசை ஒருகணம் நின்றது. அவள் பையின் பிடியைப் பற்றினாள். பின்னர் அவ்வோசை தெருவின் இரைச்சலில் கலந்து மறைந்தது.

எத்துணை தொலைவு நடந்தாலும் என்ன, அன்புடையீர், வாயில்வரை வந்து திரும்புகிறவன் வராதவனே. சந்திரிகா பையைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாய் எடுத்து மீண்டும் அலமாரியில் வைத்தாள்.