பிள்ளை பார்க்க வந்த வண்டி

செங்காட்டூரில் இரட்டைத் தள்ளுவண்டியை யாரும் கடைக்குப் போய் வாங்குவதில்லை. வண்டிதான் வீடு தேடி வந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போகும். பிடித்திருந்தால் சொல்லி அனுப்பும், பிடிக்காவிட்டால் சாக்குச் சொல்லி அனுப்பும். ஒற்றைக் குழந்தைக்கான வண்டிக்கு இந்தச் சடங்கெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் கொக்கியில் தொங்கும், பேரம் பேசி இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பேரைச் சுமக்கப் போகிற வண்டிக்கு இரண்டு பேரையும் பிடிக்க வேண்டும் அல்லவா, அதனால் அதற்கு மட்டும் இந்த மரியாதை.

கோகிலவாணிக்கு இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்தவள் வெண்பா, அடுத்தவள் வானதி. வெண்பா கொழுகொழுவென்று இருப்பாள், கொசு மருந்து அடிக்க வருகிறவரைப் பார்த்துக்கூடச் சிரிப்பாள். வானதி ஒல்லி, நிறமும் மட்டு. சிரிப்பதற்கு முன்னால் எதிரில் இருப்பவரைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்ப்பாள். அப்படி யோசித்ததில் அநேகம் பேரைப் பார்த்து அவள் சிரித்ததே இல்லை.

எட்டு மாதம் ஆகியும் வண்டி அமையவில்லையா என்று தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நடை பழகுவதற்குள் அமையாவிட்டால் ஆளுக்கொரு ஒற்றை வண்டிதான். தனித்தனியாகக் கிளம்புகிறவர்கள் தனித்தனி வீட்டுக்குத்தான் போய்ச் சேருவார்கள் என்பது செங்காட்டூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எதிர்வீட்டு மரகதத்தின் இரட்டைப் பையன்கள் ஒரு சாயங்காலம் அப்படித்தான் இரண்டு வண்டிகளில் பார்க்குக்குக் கிளம்பினார்கள். ஒருவன் திரும்பி வந்தான். மற்றவன் தாராபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். நல்ல வீடு, இரண்டு எருமை இருக்கிறது, பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வருகிறது என்று மரகதம் சொல்வாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அந்த அரிசி களைகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கோகிலவாணி தன் இரண்டு பெண்களையும் பாயில் நெருக்கி நகர்த்திப் போடுவாள்.

முதலில் வந்த வரன் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை. நல்ல அகலம், பெரிய இடத்துக் களை. வாசலுக்கு வந்து நின்றதோடு சரி, கதவுக்குள் நுழைய முடியவில்லை. வண்டி கதவைப் பார்த்தது, கதவும் வண்டியைப் பார்த்தது, இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கோகிலவாணியின் கணவன் நவநீதன் கதவின் காதோரம் போய்க் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். அது அவன் தாத்தா காலத்துத் தேக்கு, யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லை. கேசரியை வாசலிலேயே கொடுத்து அனுப்பினார்கள். இடுக்கலான இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று மறுநாள் தகவல் வந்தது. கதவைப் பார்த்தது சரி, குழந்தைகளை ஒரு பார்வை பார்க்கவில்லையே என்று அன்று முழுக்கக் கோகிலவாணியால் எதையும் மெல்ல முடியவில்லை.

இரண்டாவது வரனைத் தரகர் பொன்னுரங்கம் கொண்டுவந்தார். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு, ஒடிசலான உடம்பு. எந்த நிலைப்படியிலும் நுழைந்துவிடும் என்றார். ஜாதகம் பார்த்ததில் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. இல்லாத இரண்டும் பிரேக் சம்பந்தப்பட்டவை. அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுகிற ஊரில் ஒரு பிரேக்கைக் காட்டியா கலைப்பார்கள் என்று பொன்னுரங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக முடிவாயிற்று. ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்பதால் நவநீதன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். தரகர், வண்டிக்கடை அர்த்தநாரி, அவர் மனைவி பூங்கோதை, பிறகு வண்டி. இரட்டை வண்டியை இரண்டாக எண்ணுவதுதான் வழக்கம். ஆக ஐந்து பேர், குறையில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோகிலவாணி இருவரையும் குளிப்பாட்டி, ஒரே துணியில் தைத்த கவுன்களைப் போட்டாள். வெண்பாவுக்குப் பவுடர் ஒரு தரம் ஒற்றினாள். வானதிக்கு ஒரு தரம் ஒற்றினாள், இன்னொரு தரம் ஒற்றினாள், கழுத்தில், காதுக்குப் பின்னால், முழங்கையில் ஒற்றினாள். டப்பாவைத் திரும்பவும் கவிழ்த்தபோதுதான் கை நின்றது. அவளுடைய அம்மா அவளுக்கு இப்படித்தான் அப்பிவிடுவாள். நவநீதன் வீட்டார் வருவதற்கு முன்னால் எத்தனையோ வீட்டார் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் பவுடர் ஒரு படி ஏறியது. அந்தக் கணக்கு தன் கைக்கு இத்தனை பத்திரமாகத் தெரிந்திருக்கிறதே என்று டப்பாவை மூடி வைத்தாள். முந்தானையால் வானதியின் முகத்தைத் துடைத்தாள். வானதி அவளை யோசித்துப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

வந்தார்கள். பூங்கோதை தட்டில் பூவும் பழமும் வைத்து நீட்டினாள். வண்டி நிலைப்படியை அலுங்காமல் தாண்டி வந்து ஃபேனுக்குக் கீழே நின்றது. கரும்பச்சைத் துணி, சக்கரங்களில் சந்தனம். அது வாய் திறந்து பேசாது. மாப்பிள்ளைகளும் பேசுவதில்லையே, அந்த மாதிரிதான். சொல்ல வேண்டியதைச் சக்கரத்தை லேசாகக் கிறீச்சிட்டுப் பூங்கோதையிடம் சொல்லும், அவள் எல்லோருக்கும் சொல்வாள். கேசரியைத் தட்டில் வைத்து முன் சீட்டில் வைத்தார்கள், பஜ்ஜியைப் பின் சீட்டில் வைத்தார்கள்.

நவநீதன் தப்புப் பண்ணியது இந்த இடத்தில்தான். அவன் மூன்று அக்காக்களோடு பிறந்தவன். பெரிய பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் சின்னப் பெண் படக்கூடாது, உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறியிருந்தது. வந்திருப்பது இரட்டை வண்டி, இரண்டு பேரையும் பார்க்கத்தான் வந்திருக்கிறது என்பது அவன் புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கோகிலவாணி காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவன் வானதியை உள்ளறைப் பாயில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெண்பாவை மட்டும் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

வெண்பா வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். கைப்பிடியைத் தட்டினாள், முன் சீட்டில் உட்காரவைத்ததும் கேசரியில் கை வைத்தாள். வண்டி முன்னும் பின்னும் இரண்டு விரற்கடை ஆடியது. பூங்கோதை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தாள். காபித் தம்ளர்களோடு வந்த கோகிலவாணி கூடத்தில் ஒரு பெண்தான் இருப்பதைப் பார்த்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடி வானதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் கேசரி தீர்ந்திருந்தது. கேசரி தீர்ந்த பிறகு வருகிறவர்களை எந்த வண்டியும் சரியாகப் பார்ப்பதில்லை.

வானதியைப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். அவள் அழவில்லை. முன் சீட்டின் முதுகுப்பக்கத் துணியை யோசித்துப் பார்த்தாள், பிறகு பஜ்ஜியை எடுத்துக் கீழே போட்டாள். சக்கரம் ஒரு தரம் கிறீச்சிட்டது. இந்தத் தடவை நீளமாக.

பூங்கோதை தொண்டையைச் செருமினாள்.

"முன் சீட்டுக்குப் புள்ளைய ரொம்பப் புடிச்சிருக்குதாமுங்க. பின் சீட்டுக்குத்தான் மனசு வரலையாம்."

அர்த்தநாரி மேற்கொண்டு விவரம் சொன்னார். வண்டி நல்ல வண்டி, வீம்பு பண்ணுகிற ரகமில்லை. வெண்பாவை மட்டும் கொடுத்தால் நாளைக்கே ஏற்றுக்கொள்ளத் தயார். பின் சீட்டு சும்மா இருக்குமே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம், அதில் காய்கறிப் பை வைத்துக்கொள்ளச் சம்மதமாம். தக்காளி என்றாலும் பரவாயில்லையாம்.

நிறம் என்று சொல்வார்கள், எடை என்று சொல்வார்கள், அழுகிறாள் என்று சொல்வார்கள் என்று கோகிலவாணி எல்லாவற்றுக்கும் மனசைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். தக்காளிக்குத் தயார்ப்படுத்தவில்லை. கூடத்தில் இருந்த யாருடைய முகத்திலும் ஒரு சுருக்கம்கூட இல்லை. பொன்னுரங்கம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவள் கணவனைப் பார்த்தாள். அவனாவது எழுந்து நிற்பான் என்று நினைத்தாள்.

நவநீதன் குரலைத் தணித்துக்கொண்டு, "ஒண்ணுக்காவது அமையுதுல்ல கோகிலா," என்றான். "இதையும் விட்டுட்டா ரெண்டுக்கும் ஒத்தை வண்டிதான். யோசிச்சுப் பாரு."

தக்காளியைக் கேட்டபோது வந்த அதிர்ச்சி அவளுக்கு இப்போது சின்னதாகத் தெரிந்தது. அவன் கெட்டவன் இல்லை. வானதிக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவன். அந்த மனுஷன்தான் ஒன்றுக்காவது என்று சொல்லிவிட்டு, காலியான கேசரித் தட்டை ஒதுக்கி வைக்கிறான். தான் இத்தனை நாள் யாரோடு ஒரே பாயில் படுத்திருந்தோம் என்று அவள் அவனைப் புதிதாகப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

வானதிதான் பேசினாள். அதுவரை அவள் அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. பூங்கோதையை யோசித்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்."

பார்க்க வந்த பக்கம் சொல்ல வேண்டிய சொல் அது. பார்க்கப்பட்ட பக்கம் சொல்லி யாரும் கேட்டதில்லை. கோகிலவாணி அந்தச் சொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்தவள். சொந்தப் பெண் வாயிலிருந்து வந்ததும், யாரோ விளக்கைப் பட்டென்று போட்டதுபோல அவளுக்குக் கண் கூசியது. முறை தவறிவிட்டதோ என்று அர்த்தநாரி தரகரைப் பார்த்தார். தரகர் யோசித்துவிட்டு, இன்னார்தான் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை, ஆனால் சொன்னவர்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும், அதில் மட்டும் மாற்றமில்லை என்றார்.

ஆகவே கோகிலவாணியும் நவநீதனும் எழுந்து, தங்கள் வீட்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். பூங்கோதை வாசல்வரை வந்து குங்குமம் கொடுத்தாள். அர்த்தநாரி அவர்களுடைய செருப்புகளைத் திருப்பி வைத்து, இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள் என்றார்.

வாசலில் நவநீதன் வெண்பாவுக்காகக் கையை நீட்டினான். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொள்ளலாம், சுலபமாக இருக்கும் என்றான். கோகிலவாணி அந்தக் கையைப் பார்த்தாள். ஆளுக்கொன்று என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், தாராபுரத்திலிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. அவள் வெண்பாவை இடது இடுப்பில் வைத்தாள், வானதியை வலது இடுப்பில் வைத்தாள்.

"ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டுங்க."

"அப்ப நான் ஸ்கூட்டர்ல முன்னாடி போயி கதவத் தொறந்து வெக்கறேன்," என்றான் அவன்.

தனியாகப் போகாதீர்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் வானதி அவளுடைய தாலிக்கொடியைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். எடுத்துவிட அவளுக்குக் கை இல்லை. ஏன் தடுக்கவில்லை என்று பிற்பாடு யாராவது கேட்டால் அவளிடம் சொல்ல அந்தப் பதில் இருந்தது, ஆனால் யாரும் கேட்கவில்லை. ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. பின் சீட்டில் யாரும் இல்லை.

அவள் நடந்தாள். மாரியம்மன் கோயிலைச் சுற்றி, மாவு மில்லைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வழியாக மறுபடி தன் தெருவுக்கே வந்தாள். இடுப்பு இரண்டும் விண்டுபோயின. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அவளுடைய கழுத்துக்கு முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வெண்பா வழக்கம்போலச் சிரித்தாள். வானதி அவளை யோசித்துப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டி வந்தபோது சிரித்தாள்.

வீட்டில் விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், தரையில் வண்டியின் சந்தனத் தடம் மட்டும் வாசல்வரை இருந்தது. இரண்டு இடுப்பிலும் ஆள் இருந்ததால் கோகிலவாணி இப்போது முதலில் வந்த வரன் அளவுக்கு அகலமாக இருந்தாள். நிலைப்படியில் நின்றாள். கதவு அவளைப் பார்த்தது. பிறகு நிலையோடு சேர்த்து ஒரு முழம் ஒதுங்கி வழிவிட்டது.

உள்ளே போனதும் வானதியிடம் என்ன சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டாள். பிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள் வானதி. வெண்பாவுக்கும் அதே அபிப்பிராயம்தான். கேசரி மட்டும் நன்றாக இருந்தது என்றாள்.

நவநீதன் அன்று வரவில்லை. பொங்கல் நெருங்கும்போது பொன்னுரங்கம் ஒரு காலை வந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தகவல் சொன்னார். ஸ்கூட்டர் வெள்ளக்கோவில் பக்கம் ஒரு வீட்டில் போய் நின்றதாம். இவர் திறந்து வைக்கப் போன கதவு அங்கே திறந்தே இருந்ததாம். நல்ல வீடு, கிணற்றில் தண்ணீர் வற்றுவதில்லை.

"அந்த ஊட்டுக்கு அவரைப் புடிச்சிருக்குதாமுங்க," என்றார்.

கோகிலவாணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எருமை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள். பிறகு அரிசி களைய வேண்டியிருந்ததால் அடுப்படிக்குப் போனாள். இரண்டு இடுப்பிலும் ஆள் இருந்ததால் கை இல்லை. அரிசி தானே எழுந்து வந்து, தன்னைத் தானே களைந்துகொண்டு உலையில் இறங்கியது, வழக்கத்தைவிட ஓர் ஆழாக்குக் குறைவாக.