2116-ஆம் திருத்தம்

கையேடுகளைப் புதிய இடத்துக்கு மாற்றுவதும் வீடு மாற்றுவதும் ஒன்றுதான். பரணில் கிடப்பதெல்லாம் கண்ணில் படும். கம்பெனியின் பதினாறு வருடக் கையேடுகளில் எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று எஸ்.வி.என். என்ற பழைய சர்வர், திருத்தத்துக்கு ஓர் எண் போட்டு, பெயரோடு குறித்து வைத்திருந்தது. அத்தனையும் 'கிட்' என்ற புதிய சர்வருக்குப் போக வேண்டும். கையேடு எழுதுகிறவளின் தலையில் வந்து விழுந்தது அந்த வேலை.

"கடைசிப் பிரதி மட்டும் போதாதா சார்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வரலாறு இல்லாம எப்படிம்மா?" என்றார் மேனேஜர். அவருக்கு வரலாறு என்றால் உயிர். அதில் அவர் ஒரு தப்பும் செய்ததில்லை பாருங்கள்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவளுக்கு இருந்தது.

மத்தியானம் மாற்றும் புரோகிராமை ஓட்டிவிட்டாள். ஏசியின் முனகலில் கண் சொக்கியது. திரையில் திருத்த எண்கள் மிதந்து போயின. நாற்பதில் மகள் வயிற்றில் இருந்தாள், தொண்ணூறில் பிறந்தாள், ஆயிரத்தில் நடந்தாள். பழைய ஆபீஸின் பச்சைத் திரைச்சீலை எங்கிருந்தோ வந்து முகத்தில் உரசுவதுபோல இருந்தது. அந்த மயக்கம் சுகமாகவே இருந்தது.

சட்டென்று எண்கள் நின்றன. 'கண்ணாடி' என்பவர் பெயர்ப் பட்டியலில் இல்லை என்றது திரை. பட்டியல் போட்டவள் அவள்தான். மறந்துபோய் விட்ட பெயர் இல்லை அது, வேண்டுமென்றே விட்டது.

கண்ணாடி என்று ஆபீஸில் பட்டப்பெயர் வாங்கியவன் அவளுக்குப் பக்கத்து சீட்காரன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ண, திறந்து கிடந்த அவனுடையதில் உட்கார்ந்து நீராவி இயந்திரக் கையேட்டைத் திருத்தினாள். வால்வை மூடிவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். படிகளை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அவள் அதைத் தலைகீழாக்கினாள். எங்கோ ஒரு தொழிற்சாலையில் மூடி பறந்தது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. 2116-ஆம் திருத்தம் என்ற அந்தப் பதிவில் இருந்தது அவன் பெயர். அவன் வேலை போனது. அவள் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

பட்டியலில் சேர்க்க அவன் இமெயில் வேண்டும். போன் செய்தாள்.

"அடடே, நீயா? பொண்ணு பத்தாவது வந்திருப்பாளே?"

இமெயிலைக் கேட்கக் கூப்பிட்டவள் வேறு சொன்னாள். "அன்னைக்கு அந்த வரியை மாத்தினது நான்."

"தெரியும்."

"எப்படி?"

"அப்ப நான் ஆபீஸ்லயே இல்லையே. உன் பொண்ணுக்கு ஜுரம், ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடுன்னு நீதானே அனுப்பினே."

இத்தனை வருடம் அந்த வரியை நினைத்து நினைத்துப் புழுங்கியவள், அந்த ஜுரத்தை மறந்தே போயிருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

"ஏன் சொல்லலை?"

"சின்னப் பொண்ணை வச்சிக்கிட்டு நீ என்ன பண்ணுவே? நீயே சொல்லுவேன்னு ஒரு வாரம் பார்த்தேன். சரி, இமெயில் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். பழைய சர்வரில் ஒரு திருத்தத்தைச் செய்தவரின் பெயரை மாற்ற வழி உண்டு. 2116-இல் அவன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். மறுபடியும் ஓட்டினாள். நாற்பது, தொண்ணூறு, ஆயிரம் என்று எண்கள் மிதக்கத் தொடங்கின. இந்தத் தடவை அவளுக்குக் கண் சொக்கவில்லை.

இரண்டாயிரம் தாண்டியதும் எழுந்துபோய் மேனேஜரின் கதவைத் தட்டினாள்.

"சார், 2116 வரப்போகுது. வந்து பாருங்க."