கேக்கைத் தேடி வந்த எறும்புகள்

மாலை ஆறு மணிக்குப் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் கேரல் குழு சரவணம்பட்டி வீட்டுக்கு வரும். அவர்களுக்காகச் செய்த பிளம் கேக்கை எறும்பு தொடாமல் சாராள் இரண்டு நாளாகக் காத்துவந்தாள். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தாள். ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தால், கேக்கின் ஓரத்தில் எறும்புகள்!

“ஏனுங்க, இதுக நீந்தியா வந்துச்சு?” என்று கணவனைக் கூப்பிட்டாள்.

அந்தோணிராஜ் மேசையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். “நட்சத்திரத்தப் புடிச்சு வந்திருக்குது அம்மணி, ஏசு பாலனப் பாக்கப் போன மூணு ராஜாக்களாட்ட!”

வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தின் ஒயர் ஜன்னல் வழியாக நுழைந்து, மேசையை உரசியபடி பிளக்குக்குப் போனது. அதன்மேல் எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

“மாட்டுனது நீங்கதானுங்களே!”

முன்னே போகும் எறும்பு விட்டுச்செல்லும் வாசனைதான் பின்னே வருவதற்குப் பாதை. வாசனை போனால் பாதையும் போச்சு. அவன் பிளக்கைப் பிடுங்கி, வினிகர் துணியால் ஒயரையும் மேசையையும் துடைத்தான். பிறகு ஒயரைச் சுவரோரமாகத் திருப்பிவிட்டான். மிச்ச எறும்புகள் வழி தெரியாமல் அலைந்தன.

ஆறு மணிக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது. எறும்பு ஏறிய ஓரத்தைச் சாராள் வெட்டித் தனியே ஒரு தட்டில் வைத்தாள்.

“இது யாருக்கு?”

“நட்சத்திரம் மாட்டுனவருக்குங்க.”