சுவருக்கு அந்தப் பக்கம்

தலையில் நுரை பொங்க, பிளாஸ்டிக் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள் இட்சுகோ. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இட்சுகோ, நான் தொட்டிய விட்டு ஏறிட்டேன். கிளம்பலாமா?"

கமோமே என்ற பொதுக் குளியல்கூடத்தில் பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் பிரிக்கிற சுவர் கூரையைத் தொடுவதில்லை. அதற்கு மேலே நீராவியும் பேச்சும் தாராளமாகப் போய்வரும். சேர்ந்து வருகிறவர்கள் கிளம்பும் நேரத்தை அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். யாரும் கவனிக்காததுபோல இருப்பார்கள். எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா. தலைக்குப் போட்டுட்டேன்."

அது முழு உண்மை இல்லை. தலையை அலசிவிட்டு இன்னொரு தடவை பெரிய தொட்டியில் கழுத்தளவு இறங்கிக் கிடக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. விடிகாலையிலிருந்து பள்ளிச் சமையல்கூடத்தில் முள்ளங்கி சீவியிருந்தாள், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு. ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீரில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. இங்கே உயரத்து ஜன்னல்கள் வழியாக மாலை வெயில் தண்ணீர் மேல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அவளைத் தவிர ஒரே ஒரு கிழவிதான் இருந்தாள். உடம்பு இப்படி இலேசாகி மாதக்கணக்காகிவிட்டது.

"சரி சரி, மெதுவா வா. நான் இன்னொரு முழுக்குப் போட்டுக்கறேன்."

அது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. போன இலையுதிர் காலத்தில் அப்பாவுக்கு ஒருநாள் தலை சுற்றியபோது, பத்து நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் இருக்கக் கூடாது, அதுவும் ஒரே தடவைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் அவள்தான். வேண்டாம்ப்பா, வெளியே போய் உட்காருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நுரை வழிந்து வாய்க்குள் போயிற்று. துப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. இறங்கிவிட்டார், இனி என்ன என்று விட்டுவிட்டாள்.

அப்பா நாகாசே யோஷிஹாருவுக்கு எண்பத்து மூன்று வயது. ரயில் நிலையத்திலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வரை போகும் பேருந்தை முப்பது வருடம் ஓட்டியவர். இட்சுகோ விவாகரத்தாகி அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறங்கியவர் எழுந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். அவள் உள்ளே போய்க் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் ஈரத் துண்டை இழுத்து மூடிக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. முதியோர் பகல் மையத்தில் குளிக்க வைப்பார்கள் என்று அனுப்பிப் பார்த்தாள். ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டார். "பொம்மைய வச்சுக் கழுவுற மாதிரி கழுவுறாங்க," என்றார்.

அதற்குப் பிறகுதான் செவ்வாயும் வியாழனும் மதியம் மூன்றரைக்குக் கமோமேயின் கதவு திறக்கும்போதே இருவரும் வந்து நிற்பது வழக்கமாயிற்று. ஆண்கள் பக்கம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹோரிகோமே மாமா இருந்தார். அப்பாவின் சிநேகிதர், முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு ஓய்வில் இருந்தவர். அப்பாவின் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, நீ பிரேக் போட்ட போட்டில் இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்து சுளுக்கு என்று கிண்டல் செய்வார். அப்பா சிரிப்பது சுவரைத் தாண்டி வரும். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

இப்போதும் அந்தப் பக்கம் ஏதோ பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிறகு பேச்சு நின்றது. இட்சுகோ இரண்டாவது தடவையாகத் தலைக்கு ஷாம்பு போட்டு விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தாள்.

"நாகாசே," என்றது ஹோரிகோமே மாமாவின் குரல். சும்மா கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது. "ஏய், நாகாசே." கொஞ்சம் பொறுத்து, இன்னொரு விதமாக: "யாராவது இங்க வாங்க. காலைப் பிடிங்க, காலை."

தண்ணீர் அலைமோதித் தரையில் கொட்டும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் கை தன்பாட்டுக்கு வாளியை எடுத்துத் தலையில் ஊற்றியது. நுரை போகவில்லை. இன்னொரு வாளி ஊற்றினாள். மூன்றாவதும் ஊற்றினாள். மூன்று வாளி என்பது அவளுக்குப் பிற்பாடும் நன்றாக நினைவிருந்தது. பக்கத்திலிருந்த கிழவி அவள் தோளில் கையை வைத்து, "உங்கப்பாதான் போலிருக்கு. போம்மா," என்று சொல்லித் தன்னுடைய துண்டை அவள் மேல் போட்டாள்.

ஈர உடம்பில் ஸ்வெட்டர் இறங்க மறுத்தது. பட்டனை மாற்றிப் போட்டாள். கல்லாவில் இருக்கும் ஷிமுரா அம்மாள் ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொல்வது கேட்டது. ஆண்கள் பக்கத்து வாசலில் தொங்கிய நீலத் திரைக்கு முன்னால் வந்ததும் இட்சுகோவின் கால்கள் நின்றுவிட்டன. ஷிமுரா அம்மாள்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

உடை மாற்றும் அறையின் மரத்தரையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். இடுப்பில் ஒரு சிறிய துண்டு. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்டியிட்டு, எண்ணிக்கொண்டே அவர் மார்பை அமுக்கினார். நின்ற இதயத்தை இயக்குவதற்காகச் சுவரிலிருந்து எடுத்து வைத்த மின்னதிர்ச்சிப் பெட்டி, பதிவு செய்த பெண் குரலில், நோயாளியைத் தொடாமல் விலகி நிற்கவும் என்றது. எல்லோரும் விலகினார்கள். பிறகு மறுபடி அமுக்கச் சொன்னது. ஹோரிகோமே மாமா உடம்பில் துணியில்லாமல் அப்பாவின் பாதங்களைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். மற்ற ஆண்கள் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்தார்கள்.

வெளியே தெருக்கம்பத்து ஒலிபெருக்கிகளில் நாலரை மணி மெட்டு ஒலிக்கத் தொடங்கியது. விளையாடுகிற பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் என்று நகராட்சி தினமும் போடுகிற மெட்டு. அது கடைசி வரை ஒலித்து முடிந்தது. இட்சுகோவுக்குச் செய்ய எதுவும் கிடைக்கவில்லை. கீழே உட்கார்ந்து, விலகியிருந்த துண்டின் நுனியை இழுத்து அப்பாவின் தொடையை மூடினாள். அவர் உடம்பு நன்றாகச் சூடாக இருந்தது. கன்னம்கூடச் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து இருபதுக்கு முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். வெளியிடத்தில் நடந்த மரணம் என்பதால் போலீஸிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டும் என்றார்கள். வந்தவர் இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். எத்தனை மணிக்கு வந்தீர்கள், மாத்திரை என்னென்ன சாப்பிடுவார், மதியம் என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"கடைசியா அப்பாகிட்ட எப்ப பேசினீங்க?"

"உள்ள நுழையறப்ப," என்றாள் இட்சுகோ. "தரை வழுக்கும், பாத்துப் போங்கன்னேன்."

அவர் அதையும் எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டார். சரிதான் என்றாள்.

நகோயாவிலிருந்து தம்பி தமோட்சு வந்து சேர்ந்தான். அக்கா போலீஸிடம் என்ன சொன்னாளோ அதையே அவனிடமும் சொன்னாள். ஒரு தடவை சொன்ன பிறகு இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருந்தது. அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டு, நல்ல சாவுதான் என்று சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் நகரத்தில் சாவு அதிகம். தகனசாலையில் எட்டு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. அதுவரை அப்பா ஈமச்சடங்கு நிறுவனத்தின் குளிரறையில் இருந்தார். முன்கூட்டியே சொல்லி வைத்தால் அரை மணி நேரம் பார்க்கலாம். தமோட்சு நகோயாவுக்குப் போய் வேலையைப் பார்த்துவிட்டு மறுபடி வருவதாகச் சொன்னான். வேறென்ன செய்ய முடியும்? இட்சுகோவும் நான்காம் நாளிலிருந்து வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் செவ்வாயும் வியாழனும் மூன்று மணியாகும்போது கை தானாகத் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தது. முள்ளங்கி சீவினாள், பாத்திரம் கழுவினாள், மதியம் குளிரறைக்குப் போய் அரை மணி நேரம் நின்றாள். அங்கே அப்பாவின் கன்னம் வெளுத்திருந்தது. அவரைப் பார்த்து அவள் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் பேசத்தான் போனாள்.

ஐந்தாம் நாள் ஷிமுரா அம்மாளும் கணவரும் வீட்டுக்கு வந்தார்கள். குளியல்கூடத்தை ஒரு நாள் மூடித் தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டி அவர்கள் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார்கள்.

"எங்க எடத்துல இப்படி ஆயிடுச்சேம்மா. தண்ணிச் சூட்டைக் கொஞ்சம் கொறச்சு வச்சிருக்கணும். வயசானவங்க வர்ற நேரம்னு தெரிஞ்சும் அப்படியே வச்சிருந்தோம்," என்றாள் ஷிமுரா அம்மாள். "மன்னிச்சிடுங்க."

இட்சுகோவும் எதிரே மண்டியிட்டாள். அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னாள். அவ்வளவுதான் வந்தது. அதற்கு அடுத்து ஒரு வாக்கியம் இருந்தது, அது வரவில்லை. அவளும் தரை வரை குனிந்தாள். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் மூவரும் நெடுநேரம் அப்படியே இருந்தார்கள்.

எட்டாம் நாள் தகனசாலையில் கூட்டம் கொஞ்சம்தான். தமோட்சுவின் மனைவி, பிள்ளைகள், பேருந்து நிறுவனத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பேர், ஹோரிகோமே மாமா. உலைக் கதவு மூடியதும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், காத்திருங்கள் என்று ஓர் அறையைக் காட்டினார்கள். ஹோரிகோமே மாமா ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கோட்டு அவருக்குப் பெரிதாக இருந்தது. இட்சுகோ போய் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு ரொம்பச் சிரமப்பட்டீர்கள் என்று தலைவணங்கினாள். தமோட்சு தேநீர்த் தட்டோடு பின்னாலேயே வந்தான்.

"ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்," என்றார் மாமா. "நீ அஞ்சு நிமிஷம்னு சொன்னப்ப நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். மறுபடி எறங்காதடா, வா, வெளிய போய் உக்காரலாம்னேன். கேக்கல."

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'நான் வெளிய போய் உக்காந்துட்டா அவ அரைகொறையா அலசிட்டு ஓடி வந்துடுவா. வாரத்துல ரெண்டு நாள், இந்தத் தண்ணிதான் அவளுக்கு ஓய்வு. கெடக்கட்டும் கொஞ்ச நேரம்'னான். சிரிச்சுக்கிட்டேதான் எறங்கினான்." மாமா மூக்கை உறிஞ்சினார். "போலீஸ்காரர் கேட்டப்ப நான் இதச் சொல்லல. இது ஒனக்குச் சேர வேண்டியது. அவங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எட்டு நாளாக மடியில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்ததுபோல அவர் முகம் தெளிந்திருந்தது.

"ரொம்ப நன்றி மாமா," என்றாள் இட்சுகோ.

தமோட்சு தட்டை மேஜை மேல் வைத்தான். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் முன்னால் வைத்தான். அவன் ஏதாவது கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். மேஜையில் தேநீர் சிந்திய இடத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பிள்ளைகள் இருந்த பக்கம் போனான்.

பிறகு எலும்பு பொறுக்கக் கூப்பிட்டார்கள். வழக்கப்படி அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஜோடி நீளக் குச்சியால், ஒரே எலும்பை இருவருமாகப் பிடித்துத் தூக்கி ஜாடியில் போட்டார்கள். பாதத்தில் தொடங்கி மேலே மேலே போனார்கள். அவள் குச்சி நழுவியபோதெல்லாம் அவன் தன் குச்சியை இறுக்கி, விழாமல் பிடித்துக்கொண்டான். ஊழியர் மட்டும் தாழ்ந்த குரலில் இது முழங்கால், இது தோள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவியையும் பிள்ளைகளையும் முன்னால் ஒரு காரில் அனுப்பிவிட்டுத் தமோட்சு அக்காவோடு டாக்சியில் ஏறினான். எலும்பு ஜாடியை வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை இட்சுகோ மடியில் வைத்துக்கொண்டாள். மதியம் இரண்டு மணி இருக்கும். சாலையின் இரு பக்கமும் தேயிலை வரிசைகள் வெயிலில் கறுப்பாகக் கிடந்தன. ரயில்வே கேட் மூடியிருந்தது. டாக்சி நின்றது. ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் வரும் ரயிலுக்கான அம்புக்குறி எரிந்தது.

பெட்டியின் சூடு துணியைத் தாண்டி, கறுப்புப் பாவாடையைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் பெட்டியை நகர்த்தவில்லை.

"சூடா இருக்காக்கா?"

"ம்."

"நான் வச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்."

தமோட்சு ஜன்னல் பக்கம் திரும்பினான். இரண்டாவது ரயிலும் கடந்து போனது. அவன் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து, மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து அவள் பக்கம் நீட்டினான். இட்சுகோ இரண்டு கைகளாலும் பெட்டியை இலேசாகத் தூக்கினாள். அவன் குனிந்து அதை அடியில் நுழைத்து, ஓரங்களை இழுத்துச் சரி செய்தான். கேட் மேலே எழும்பத் தொடங்கியது.